பத்தியத்துக்குச் சுறா

மீன்கூடையோடு போகும் சேலையூர்த் தெருக்களில் "சாப்பிட்டியா காந்தா?" என்று யார் கேட்டாலும், காந்தா முந்தானை நுனியால் உதட்டோரத்தை ஒற்றிக்கொண்டு "ஆச்சுக்கா" என்பாள். காலையில் கேட்டாலும் அதே பதில், உச்சி வெயிலில் கேட்டாலும் அதே பதில். அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கேம்ப் ரோடு பக்கம் குடியிருந்த தீபா ஒரு நாள், "நீ வாயத் தொடைக்கிறதப் பார்த்தா இப்பதான் கல்யாண வீட்டுல இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கு. வயிறு மட்டும் முதுகோட ஒட்டிக் கெடக்கு" என்று சிரித்தாள். காந்தாவும் சிரித்தாள். மறுநாள் கேட்டபோதும் உதட்டை ஒற்றிக்கொண்டு "ஆச்சுக்கா" என்றாள்.

கோவளம் குப்பத்துக்காரி. படகு கரைக்கு வந்ததும் மீன் எடுத்து, கேளம்பாக்கத்தில் பஸ் பிடித்து, வண்டலூர் வழியாகத் தாம்பரம் வருவாள். பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பின்னால், கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொள்வாள். சீட்டு காலியாக இருந்தாலும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு குறைவு. விலை சொல்லும்போதுகூட மீனைப் பார்த்துத்தான் சொல்வாள்.

அவளுக்கு நிஷா ஒரே மகள். நிஷா பிறந்த ஐப்பசியில் கடல் கொந்தளித்துக் கிடந்தது. ஒரு படகும் இறங்கவில்லை. பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பது குப்பத்து வழக்கம். அந்த வாரம் சுறாவுக்கு எங்கே போவது? காந்தாவுக்குப் பால் இறங்கவேயில்லை. பக்கத்து வீட்டு கங்கையம்மாள், தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக, நிஷாவையும் மடியில் போட்டுக்கொண்டாள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கங்கையம்மாள் மடியில் குழந்தை கண்ணை மூடிக் குடிக்கும்போது, காந்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் அவள் தன் ஏக்கத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தன் மகள் அப்படிக் கதவோரம் நிற்கக்கூடாது என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

நிஷாவை அண்ணன் மகன் வினோத்குமாருக்குத்தான் கொடுத்தாள். ஐ.டி.ஐ.யில் ஐஸ் பிளான்ட் வேலை படித்தவன். ஃபிஜித் தீவில் சுவா என்ற பட்டணத்தில், மீனைக் குளிர வைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து நிஷாவையும் அழைத்துப் போனான். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அவள் உண்டானபோது அத்தைக்கு டிக்கெட் அனுப்பினான்.

"ஃபிஜியா? அது எந்த ஸ்டேஷனாண்ட கீது?" என்றான் கோதண்டம், காந்தாவின் புருஷன். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். "தாம்பரத்துக்கு அந்தாண்ட போனவளா நீ?"

"பீச் ஸ்டேஷன் வரிக்கும் போய்க்கிறேன்."

"சர்தான். அதே ரூட்டுதான், கொஞ்சம் நேரா போவணும்" என்றான்.

காந்தா சுறாக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தானே பார்த்து வாங்கி, தானே கீறி, உப்பு தடவி, மணலில் படாமல் கயிற்றில் காயவைத்தது. பழந்துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் தன் பட்டுப்புடவை.

பட்டுப்புடவை போய்ச் சேர்ந்தது. அந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கியதும், சோதனை மேஜையில் கையுறை போட்ட ஒரு பெண் பையைத் திறந்தாள். துணியை அவிழ்த்தாள், முகர்ந்தாள், மிக மரியாதையாகத் தலையை ஆட்டினாள். கருவாட்டுப் பொட்டலம் ஒரு நீலத் தொட்டிக்குள் போனது. சுக்கு, மிளகு, பத்திய உருண்டை எல்லாம் பின்னாலேயே போயின. வாய் திறக்கக் காந்தாவுக்குப் பாஷை கிடையாது. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டாள்.

"வுடு அத்தே, இங்க மீனுக்கா பஞ்சம்?" என்றான் வினோத்குமார். பஸ்ஸில் சுவாவுக்கு வரும் வழியெல்லாம் மழை. ஜன்னலுக்கு வெளியே பச்சை ஓடிக்கொண்டே இருந்தது. தென்னை, வாழை, மறுபடியும் தென்னை. எங்கோ போகிறோமா, கேளம்பாக்கம் தாண்டித் தூங்கிவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீடு பட்டணத்துக்கு வெளியே கடலோரச் சாலையில் இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலும் இவர்களுடைய ஜன்னலும் எதிரும் புதிருமாக, கை நீட்டினால் கரண்டி வாங்கும் தூரத்தில். சாலைக்கு அந்தப் பக்கம் கடல். அந்தக் கடலுக்குச் சத்தம் இல்லை. வெகுதூரத்தில் பாறைத்திட்டில் மோதி வெள்ளைக் கோடாக அலை நின்றுவிடும். கரையில் குளம்போல் தண்ணீர் கிடக்கும். கோவளத்தில் பிறந்ததிலிருந்து இரைச்சலோடு தூங்கியவளுக்கு முதல் நாட்களில் தூக்கமே பிடிக்கவில்லை. கடல் மூச்சை நிறுத்திக்கொண்டு தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. நிஷா மதியத்தில் படுத்துக்கொள்வாள். காந்தா வாசல் வரை வருவாள், அப்புறம் சாலை வரை, அப்புறம் வளைவு வரை. அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், திறந்த கதவு வழியாகத் தெருவில் போகிறவரைப் பார்த்து "மை கனா" என்று கூப்பிடுவார்கள். வந்து சாப்பிடு என்று அர்த்தம். தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் இல்லை. கூப்பிட்டவர் கையை ஆட்டிப் பாயில் இடம் ஒதுக்குவார். "ஆச்சு" என்பதை அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வதென்று காந்தாவுக்குத் தெரியாது. அதனால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் கூப்பிட்டவள் பக்கத்து வீட்டு லிட்டியா. பெரிய உடம்பு, பூப்போட்ட நீளச் சட்டை, காதோரம் செம்பருத்தி. அவள் வைத்தது வெந்த கிழங்கு. சேப்பங்கிழங்கின் தாத்தா என்று சொல்லும்படியான பெரிய கிழங்கு, உள்ளே லேசான ஊதா நிறம். கூடவே தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை. காந்தா நாக்கில் வைத்ததும் புளியைத் தேடினாள், மிளகாயைத் தேடினாள். இரண்டும் இல்லை. தேங்காயும் உப்பும் இலையின் மெத்தென்ற கசப்பும் மட்டும். சாப்பிடச் சாப்பிடத் தேடுவது நின்றுபோனது.

மறுநாள் வேறு வீட்டில் மரவள்ளி. அதற்கடுத்து வளைவுக்கு அப்பால் ஒரு கிழவர் சுட்ட சீமைப்பலாவைப் பிட்டுக் கொடுத்தார். ரொட்டி மாதிரியும் இருந்தது, புகை மாதிரியும் இருந்தது. ஒரு வீட்டில் கடல்பாசி. பச்சைப் பாசிமணிக் கொத்தாகத் தட்டில் கிடந்தது. வாயில் போட்டதும் ஒவ்வொரு மணியாக வெடித்து உள்ளே கடல் ஊற்றியது. காந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து கடலில் இருந்து எடுத்தே சாப்பிட்டிருக்கிறாள். கடலையே சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

"அம்மா, ஊர்ல எல்லார் வீட்டுலயும் கை நனைச்சிட்டியாமே" என்றாள் நிஷா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. "அது ஒரு மரியாதைக்குக் கூப்பிடறது. சிரிச்சிட்டுப் போயிடணும்."

"கூப்ட்டாங்களே."

"நம்ம ஊர்ல கூடத்தான் சாப்பிட்டியான்னு கேக்கறாங்க."

"அது கேக்கறது. இது கூப்புடறது" என்றாள் காந்தா.

ஒரு நாள் லிட்டியா ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் நீட்டினாள். சதுரமாக நறுக்கிய வஞ்சிரம், எலுமிச்சைச் சாறு, வெங்காயம், தேங்காய்ப்பால். மீன் பச்சையாகத்தான் இருந்தது. பாவம், மசாலா ஊற வைத்துக் கொடுத்திருக்கிறாள், கேஸ் தீர்ந்துபோயிருக்கும் என்று காந்தா நினைத்தாள். கிண்ணத்தை அப்படியே சட்டியில் கவிழ்த்து, இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டுக் கொதிக்கவிட்டு, அதே கிண்ணத்தில் ஊற்றி ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாள். தேங்காய்ப்பால் திரிந்து மிதந்தது. லிட்டியா கிண்ணத்தைப் பார்த்தாள், காந்தாவைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அது எலுமிச்சையிலேயே வேகும் பண்டமாம். அன்றைக்கு லிட்டியா வீட்டார் அந்தக் குழம்பை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு ஜன்னலையும் சாத்தவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டியா அவளைத் தன் கொல்லைக்கு அழைத்துப்போய், குழியில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, வாழையிலையில் கோழியும் கிழங்கும் மீனும் பொதிந்து மண்ணைப் போட்டு மூடுவதைக் காட்டினாள். காந்தா குழியருகே குந்தி உட்கார்ந்தாள். மண்ணிலிருந்து ஆவி மெல்லக் கிளம்பியது. மழை தூறியது. பூமி சமைக்கிறது, நமக்கு ஒரு வேலையும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் வாழ்க்கையில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல பிரசவம். ஆனால் வீட்டுக்கு வந்தும் நிஷாவுக்குப் பால் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில், வரும், பொறுங்கள், அதுவரை டப்பாப் பால் கொடுங்கள் என்றார்கள். காந்தா பட்டணத்து மார்க்கெட்டில் முருங்கைக்கீரையைக் கண்டுபிடித்தாள், பூண்டு வாங்கி உரித்தாள். இரண்டு வேளையும் கொடுத்தாள். குழந்தை மார்பில் வாய் வைத்து, இழுத்து, விட்டுவிட்டு அழும். நிஷா சுவரைப் பார்ப்பாள். காந்தா கதவோரம் நிற்பாள். எந்தக் கதவு, எந்த ஊர், யார் குழந்தை என்று ஒரு கணம் அவளுக்குக் குழம்பிப்போகும்.

சுறா வேண்டும். மீன் மார்க்கெட்டில் எல்லாம் இருந்தது, சுறா இல்லை.

லிட்டியாவைக் கேட்டால் தெரியும் என்று நினைத்தாள். சாயங்காலம் லிட்டியா வெந்த கிழங்கோடு ஜன்னலுக்கு வந்தபோது, காந்தா தன் உள்ளங்கையைத் தலைக்குமேல் துடுப்புபோல் நிமிர்த்தி, உடம்பை வளைத்து நீந்திக் காட்டினாள். பல்லைக் காட்டினாள். லிட்டியா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், புரிந்தது என்று. காந்தா அடுத்து கத்தியால் வெட்டுவதுபோலக் காட்டி, சட்டியில் போட்டுக் கிளறி, நிஷாவின் பக்கம் கையை நீட்டித் தன் மார்பைத் தொட்டாள்.

லிட்டியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கிழங்குத் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள். உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

நிஷாவிடம் சொன்னதும் அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அம்மா. அவங்க கண்டாவு தீவுக்காரங்க. அவங்க வம்சத்துக்குச் சுறாதான் சாமி. கடலுக்குப் போறவங்கள அதுதான் காப்பாத்துதாம். தொடக்கூட மாட்டாங்க."

காந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லையம்மன் கோயில் புத்துல கீற நாகத்தப் புடிச்சிக் கொழம்பு வெச்சிக் குடுன்னு கேட்ட மாரி கேட்டுக்கினேனே" என்றாள்.

அடுத்த நாள் லிட்டியா வீட்டில் சாப்பாட்டு வேளைக்குக் கதவு திறந்திருந்தது. காந்தா துணி உலர்த்தப்போகும் சாக்கில் அந்தப் பக்கம் போனாள். உள்ளே பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வினோத்குமார் வேலையிலிருந்து வந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அடுப்படியில் வைத்தான். உறைந்து கல்லாக இருந்தது.

"பார் அத்தே. கம்பெனி படகுல மாட்டிக்கினது. சொல்லி வெச்சி வாங்கியாந்தேன். சின்னக் குட்டி. நம்மூர் பால்சுறா மாரியே கீது."

காந்தா பிரித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத் தோல், சின்னத் துடுப்பு. மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டு வதக்கினால் ஒரு சட்டி புட்டு. அவள் கைக்கு எல்லாம் தெரியும். கை தானாகவே மஞ்சள் டப்பாவைத் தேடிப் போனது. எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் பலகைச் சுவர். இவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும்.

"இன்னா யோசிக்கிற?" என்றான் வினோத்குமார். "ஜன்னல சாத்திக்கினு ஆக்கு. அவுங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். அவுங்க சாமிய அவுங்க கும்புடறாங்க. நம்ம புள்ளைக்குப் பால் வோணாமா?"

நிஷா உள்ளறையிலிருந்து, "ஆக்கும்மா. நான் சாப்பிட்டுக்கறேன். என்னால இது அழறத கேக்க முடியல" என்றாள்.

காந்தா பொட்டலத்தை மறுபடியும் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்தாள். "காத்தால ஆக்கறேன்" என்றாள். படுத்தும் கண் மூடவில்லை. கடலிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒருபக்கம் குழந்தையின் அழுகை, இன்னொரு பக்கம் பாயில் தனக்கு ஒதுக்கிய இடம். சுறா இல்லாததால்தான் அன்றைக்குப் பால் இல்லை என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாள். இப்போது சுறா வீட்டிலேயே இருக்கிறது. இதை விட்டால் மகளுக்குத் தெரிந்தே துரோகம் செய்த மாதிரி. இதை ஆக்கினால், கை நீட்டிச் சோறு போட்டவளின் சாமியை அவள் வீட்டு ஜன்னலுக்குக் கீழேயே கொதிக்கவைத்த மாதிரி.

விடிந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. காந்தா வாழையிலை ஒன்றை அறுத்து, அதில் சுறாக்குட்டியை வைத்து, மஞ்சளைக் குழைத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாலையைத் தாண்டிச் சேற்றில் இறங்கினாள். முழங்கால் ஆழம் வரை நடந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது; கண்ணாடிக்குள் இருப்பதுபோல் கால் விரல்கள் தெரிந்தன. இலையோடு மெதுவாக விட்டாள். அது கொஞ்சம் மிதந்தது, சாய்ந்தது, இலை மட்டும் மேலே நின்றது. காந்தா இரண்டு கையையும் மாற்றிப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தெரியாம கேட்டுக்கினேன்" என்றாள், கடலைப் பார்த்து. "எம்பொண்ணுக்கு நீ ஒரு வழி பண்ணு."

திரும்பினால், கொஞ்ச தூரத்தில் சிப்பி பொறுக்கும் பெண்கள் கூடையோடு குனிந்திருந்தார்கள். லிட்டியா மட்டும் நிமிர்ந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காந்தாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கரைக்கு நடந்தாள்.

வீட்டில் வினோத்குமார் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "எங்க அத்தே?"

"வுட்டுட்டேன்."

அவன் ஐஸ் பெட்டியைச் சாத்தினான். "சொல்லி வெச்சி வாங்கியாந்தேன்" என்றான். சாப்பிடாமலேயே வேலைக்குப் போனான். நிஷாவும் அம்மாவைப் பார்க்கவில்லை. காந்தா முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்தாள்.

மதியம் எதிர் ஜன்னல் திறந்தது. லிட்டியா ஒரு பெரிய பானையைக் கட்டையின்மேல் வைத்தாள். பாறைமீனின் தலைகளைத் தேங்காய்ப்பாலில் போட்டு, சேம்பு இலையோடு வெகுநேரம் வேகவைத்த சாறு. வெள்ளை வெளேரென்று இருந்தது. நிஷாவைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றா?"

"அவங்க ஊர்ல பெத்தவங்களுக்கு இதுதான் கொடுப்பாங்களாம். சூடா குடிக்கணுமாம், நாள் முழுக்க. அப்புறம்..." நிஷா கொஞ்சம் நிறுத்தினாள். "காலையில சுறாவ நீ கடல்ல விட்டது சரிதானாம். தன் புருஷன்கிட்டயும் சொன்னாங்களாம்."

லிட்டியா அதற்குள் தன் கன்னத்தில் இரண்டு கையையும் மாற்றிப் போட்டுக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று புருவத்தைத் தூக்கினாள். காந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நிஷாதான் விளக்கினாள். லிட்டியா தலையை ஆட்டிவிட்டு, தன் வீட்டுக் கதவைக் காட்டினாள்.

"மை கனா" என்றாள்.

நிஷா அந்தச் சாற்றைக் குடித்தாள். அன்றும் குடித்தாள், மறுநாளும் குடித்தாள். கீரையும் சாப்பிட்டாள், பூண்டும் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலை காந்தா அடுப்படியில் இருந்தபோது உள்ளே அழுகை திடீரென்று நின்றது. பயந்துபோய் ஓடினாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. நிஷாவின் சட்டையின் இன்னொரு பக்கம் நனைந்து வட்டமாகப் பரவியிருந்தது. நிஷா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். காந்தா கதவோரத்தில் நிற்காமல் உள்ளே போய், கட்டிலில், மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அது தானாகவே வந்திருக்கும் என்றான் வினோத்குமார். ஆஸ்பத்திரியில் சொன்னார்களே என்றான். இருக்கலாம் என்றாள் காந்தா. கீரையாக இருக்கலாம், மீன் தலையாக இருக்கலாம். கடலிடம் வேண்டிக்கொண்டதை மட்டும் அவள் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு சுறாவைப் பற்றிப் பேசவில்லை.

விசா முடிகிற வரை இருந்துவிட்டு ஊர் திரும்பினாள். குப்பத்தில் எல்லோரும் ஃபிஜியைப் பற்றிக் கேட்டார்கள். அவள் மீனைப் பற்றித்தான் சொன்னாள். எலுமிச்சையில் வேகிற வஞ்சிரம் என்றதும் கோதண்டம் நம்பவில்லை. "கேஸ் மிச்சம் பண்ண ஒரு கத கட்டிக்கினு வந்துகீறா" என்றான். அவள் செய்து வைத்தபோது ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நீண்ட நேரம் மென்று, "உப்பு கம்மி" என்றான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தான்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. காந்தா தாம்பரத்தில்தான் மீன் விற்கிறாள். சுறா மட்டும் எடுப்பதில்லை. பெற்றவளுக்கு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை, மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் ஜெயவேலுவிடம் அனுப்புகிறாள். ஏன் என்று கேட்டால் "அங்க நல்லாருக்கும்" என்கிறாள். நிஷாவும் வினோத்குமாரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேத்திக்கு மூன்று வயது நடக்கிறது. பாதி நேரம் லிட்டியா வீட்டுப் பாயில்தான் சாப்பிடுகிறாளாம். பேத்தி இன்னும் கோவளத்துக்கு வந்ததில்லை.